தீவுக்குப் போன மெமரி கார்டு: பறவைப் படங்களைக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துவது எப்படி?

தீபாவளி முடிந்ததும் எங்கள் சிவகாசிப் பக்கம் ஒரு அமைதி வரும். பட்டாசு ஆலைகள் சில வாரங்களுக்கு மூடியிருக்கும். அச்சகங்களில் மட்டும் காலண்டர் வேலை இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். கையில் போனஸ், வீட்டில் விடுமுறை. வேன் பிடித்து அருப்புக்கோட்டை, பரமக்குடி வழியாக ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். வடக்கே குளிர் தாங்காமல் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் பறவைகள் மன்னார் வளைகுடாவில் வந்து இறங்குவதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். போகிறவர்கள் கையில் கேமராவோ, நல்ல கேமரா உள்ள மொபைல் போனோ இருக்கிறது. திரும்பி வரும்போது ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு அவற்றுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் மென்பொருள் பொறியாளர். ஊருக்கு வரும்போதெல்லாம், "கம்ப்யூட்டர் படிச்ச பையன் வந்திருக்கான்" என்று யாராவது ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பாதிப் பேர் கொண்டு வருவது போட்டோ பிரச்னை. அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாமே பவளப் பாறைகளின் மேல் மணல் சேர்ந்து உருவானவை. 1986ல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வான் தீவு, காசுவாரி, காரியாச்சல்லி, நல்லதண்ணி, முசல், மனோலி, குருசடை என்று பெயர்களே கேட்க அழகாக இருக்கும். மண்டபம் பக்கத்து மனோலித் தீவுக்கு நண்டுதின்னி என்ற கறுப்பு வெள்ளைப் பறவை வருகிறது. கொத்திக் கொத்தி நண்டு தின்பதற்கென்றே அமைந்த தடித்த அலகு அதற்கு. ஆலாக்கள், கடற்காகங்கள், பலவகை உள்ளான்கள் எல்லாம் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக இருக்கும்.

ஆனால் நினைத்தவுடன் ஒரு படகை அமர்த்திக்கொண்டு இந்தத் தீவுகளில் இறங்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். வனத்துறையே நடத்தும் சூழல் சுற்றுலாப் படகுகளில் போவது ஒரு வழி. கரையிலிருந்தே பார்ப்பது இன்னொரு வழி. தனுஷ்கோடி சாலையில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்பதைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரின் பகுதியை 2025 ஜூனில் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. டிரோன் எதுவும் வேண்டாம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடுவது குற்றம். தவிர, டிரோன் சத்தம் கேட்டால் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும்.

பட்டாசு ஊர்க்காரன் என்பதால் இங்கே ஒரு செய்தி. எங்களுக்குப் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்து மக்கள், பறவைகள் மிரளும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எங்கள் ஊர் வியாபாரத்துக்கு நஷ்டம்தான். இருந்தாலும் அந்த ஊர்க்காரர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, கேமராவுக்கு வருவோம். கிளம்பும் முன் ஒரே ஒரு வேலையை மறக்காமல் செய்திடுங்கள். கேமராவின் மெனுவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மொபைல் போன் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். தனிக் கேமராக்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. பல மாதம் பீரோவில் கிடந்த கேமராவில் பேட்டரி இறங்கி, தேதி பின்னால் போயிருக்கும். இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கடற்கரை வெயிலில் எடுக்கும் படம் ஏன் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். கேமராவுக்கு மணல் எது, பறவை எது என்று தெரியாது. வரும் வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்து, மொத்தப் படமும் நடுத்தரமான சாம்பல் அளவில் இருக்கும்படி சரிசெய்யும். படம் முழுக்க வெள்ளை மணல் என்றால், "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து அதைக் குறைத்துவிடும். இதற்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற வசதியில் கூட்டல் குறி உள்ள பக்கம் அரை அல்லது ஒரு படி நகர்த்துங்கள். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கருநீலத் தண்ணீருக்கு நடுவே ஒரு வெள்ளைப் பறவை நிற்கிறது. இப்போது கேமரா "இருட்டு" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்ட, பறவையின் இறகு விவரம் எல்லாம் போய் வெறும் வெள்ளைக் காகிதம் போல் தெரியும். அப்போது கழித்தல் பக்கம் நகர்த்த வேண்டும். இருட்டாக வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவு தேற்றிவிடலாம். வெள்ளையாக வெந்துபோன இடத்தில் தகவலே இருக்காது. எந்த சாப்ட்வேராலும் அதைக் கொண்டுவர முடியாது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள்.

காலை பத்து மணிக்கு மேல் சூடான மணலிலிருந்து எழும் காற்று, தூரத்துப் பறவையை நெளிய வைத்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் இதே கதைதான். விடிந்ததும் போய்விடுவது நல்லது. உப்புக் காற்று பட்ட கேமராவை, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

பறக்கும் பறவையை எடுக்க பர்ஸ்ட் என்றொரு வசதி உண்டு. பட்டனை அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பத்துப் படம் கூட எடுக்கும். எங்கள் ஊர் மொழியில் சொன்னால் சரவெடி. ஒரு காலைப் பொழுதில் 1,200 படங்கள் சாதாரணமாகச் சேர்ந்துவிடும். ஒரு படம் 10 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் 12 ஜி.பி. ஆகிறது.

இதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றக் கார்டு ரீடரைப் பயன்படுத்துங்கள். கேமராவை கேபிள் போட்டு இணைத்தாலும் மாற்றலாம். ஆனால் நடுவில் கேமராவின் பேட்டரி தீர்ந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். பழைய யு.எஸ்.பி. 2 ரீடர் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 30 எம்.பி. கடத்தும். 12 ஜி.பி.க்கு ஏழு நிமிடம் போல ஆகும். யு.எஸ்.பி. 3 ரீடரும் வேகமான கார்டும் இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் போதும். உள்ளே நீல நிறப் பிளாஸ்டிக் தெரியும் போர்ட் பெரும்பாலும் யு.எஸ்.பி. 3 வகை. ரீடரை அதில் செருகுங்கள். மொபைல் போனைக் கேபிளில் இணைப்பவர்கள், போனின் திரையில் வரும் அறிவிப்பைத் தட்டி "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் சார்ஜ் மட்டும் ஆகும். கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது.

காப்பி செய்யும்போது "கட்" கொடுக்காதீர்கள், "காப்பி" கொடுங்கள். கட் கொடுத்தால் படம் அங்கிருந்து நீக்கப்படும். பாதியில் மின்சாரம் போனால் எது வந்தது, எது வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். போல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்தால் எண்ணிக்கையும் அளவும் தெரியும். பிறகு டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள சிறு ஐகானைக் கிளிக் செய்து "எஜெக்ட்" கொடுத்த பிறகே கார்டை எடுங்கள்.

போல்டருக்குப் பெயர் வைப்பதில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "நியூ போல்டர் 7" என்று விட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது. ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் எழுதுங்கள். உதாரணம்: 2025-12-07 தனுஷ்கோடி. ஆண்டை முதலில் போட்டால், பெயர் வரிசையில் அடுக்கும்போதே கால வரிசையிலும் வந்துவிடும். பெயரைத் தமிழிலேயே தரலாம். விண்டோஸ் மறுப்பேதும் சொல்லாது.

இப்போது தேதி விஷயம். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஜேபெக் படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. இதற்கு எக்சிப் என்று பெயர். 1990களில் ஜப்பானியக் கேமரா தொழில்துறை உருவாக்கிய விதிமுறை இது. படம் எடுத்த தேதி, நொடி வரை நேரம், கேமராவின் மாடல், ஷட்டர் வேகம் எல்லாம் அதில் பதிவாகும். போனில் லொகேஷன் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகும். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் டேப் கிளிக் செய்தால் இவை அனைத்தும் வரிசையாகத் தெரியும். அதில் "டேட் டேக்கன்" என்று இருப்பதுதான் படம் பிறந்த நேரம். "டேட் கிரியேட்டட்" என்பது இந்தக் கம்ப்யூட்டரில் அந்த பைல் வந்து சேர்ந்த நேரம். புதியவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேமராவில் தேதி தவறாக இருந்து எடுத்துவிட்டால்? கவலை வேண்டாம். எல்லாப் படங்களும் ஒரே அளவில்தான் தவறியிருக்கும். இர்பான்வியூ, டிஜிகேம் போன்ற இலவச சாப்ட்வேர்களில் அத்தனை படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் முன்னே பின்னே நகர்த்தும் வசதி இருக்கிறது. (முன்பு பலர் பயன்படுத்திய பிக்காசாவை கூகுள் 2016ல் நிறுத்திவிட்டது. யாராவது பழைய சி.டி.யிலிருந்து போட்டுத் தந்தாலும் வேண்டாம்.)

தேதிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள காரியாச்சல்லித் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1969ல் அது சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2018ல் சுமார் 6 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. பவளப் பாறைகளை ஒரு காலத்தில் வெட்டி எடுத்ததும், கடல் அரிப்பும் சேர்ந்து செய்த வேலை. எந்த ஆண்டு, எந்தக் கரை எங்கே இருந்தது என்பதற்கு, தேதியும் இடமும் உள்ள ஒரு சாதாரண போட்டோ கூடச் சாட்சி. தேதி இல்லாத போட்டோ வெறும் கடற்கரைப் படம்தான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இந்தச் சீட்டு கிழித்து எறியப்படுகிறது. தேதி, இடம் எதுவும் போய்ச் சேராது. படத்தின் அளவும் சாதாரண தரத்தில் நீளவாக்கில் சுமார் 1600 பிக்ஸலுக்குச் சுருக்கப்படுகிறது. "குரூப்பில் போட்டுவிட்டேன், பத்திரமாக இருக்கும்" என்று நினைத்து கார்டை அழிப்பவர்கள் ஏராளம். அப்படியே அனுப்ப வேண்டுமானால், இணைப்பு ஐகானைத் தட்டி "டாகுமெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து அதன் வழியாக அனுப்புங்கள். பைல் உள்ளபடியே போய்ச் சேரும்.

விருதுநகரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சென்ற ஆண்டு முதன்முதலாக லேப்டாப் வாங்கினார். தனுஷ்கோடியில் தாம் எடுத்த ஓர் உள்ளான் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பறவையின் காலில் ஏதோ சின்னக் கொடி போலத் தெரிந்தது. வலசைப் பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று அறிய ஆய்வாளர்கள் காலில் வளையமோ, எழுத்துப் பொறித்த பிளாஸ்டிக் கொடியோ மாட்டி விடுவார்கள். பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறது. அந்த எழுத்தைப் படித்துவிட்டால், அந்தப் பறவையை எந்த நாட்டில், எந்த ஆண்டு பிடித்து மாட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் வந்த படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து இருந்த இடத்தில் நான்கைந்து சதுரக் கட்டங்கள்தான்.

"ஒரிஜினல் இருக்கா சார்?"

"நல்ல படமா பத்து பொறுக்கி குரூப்ல போட்டுட்டு, கார்டை அன்னிக்கே பார்மட் பண்ணிட்டேனே தம்பி."

"அதுக்கப்புறம் அந்தக் கார்டுல வேற படம் எடுத்தீங்களா?"

"இல்லப்பா. கேமராவை உள்ள வச்சவன்தான்."

இந்தக் கடைசிப் பதில்தான் காப்பாற்றியது. ஒரு பைலை டெலீட் செய்தாலோ, கார்டைச் சாதாரணமாக பார்மட் செய்தாலோ, படம் உடனே அழிந்துவிடுவதில்லை. ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போடுவது போலத்தான். உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். அந்த இடம் காலி என்று கேமரா நினைத்து, அடுத்த படத்தை அதன் மேல் எழுதும்போதுதான் உண்மையில் போகிறது. ஆகவே படம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். எஸ்.டி. கார்டின் ஓரத்தில் உள்ள சிறு லாக் பட்டனைக் கீழே தள்ளிவிட்டால் தவறி எழுதப்படவும் வாய்ப்பு குறைவு. சில கேமராக்களில் "லோ லெவல் பார்மட்" என்று ஒன்று இருக்கும். அது பக்கங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். நல்லவேளையாக சார் அதைத் தொடவில்லை.

போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரை அவர் லேப்டாப்பில் இறக்கினோம். அதன் விண்டோ வடிவம் கியூ போட்டோரெக். அதில் கார்டைத் தேர்ந்தெடுத்து, மீட்ட படங்களைச் சேமிக்க ஓர் இடம் சொல்ல வேண்டும். அந்த இடம் கண்டிப்பாக அதே கார்டாக இருக்கக் கூடாது. மீட்கிற படமே மீட்க வேண்டிய படத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். லேப்டாப் டிரைவைக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் எண்ணூறு சொச்சம் படங்கள் வந்தன. பழைய பெயர் எதுவும் இல்லை. எப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகத்தான் பைல் பெயர்கள். ஆனால் எக்சிப் சீட்டு ஒவ்வொன்றிலும் அப்படியே இருந்தது. டேட் டேக்கன் வரிசையில் அடுக்கியதும் அந்தக் காலை நேரம் ஒழுங்காக விரிந்தது. அந்த உள்ளானைச் சரவெடியாக ஏழு படம் எடுத்திருந்தார். அவர் குரூப்பில் போட்டது முதல் படம். ஐந்தாவது படத்தில் பறவை கால் மாற்றி நின்றிருந்தது. கொடியின் எழுத்துகள் மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை படித்தார். எழுத்து, கொடியின் நிறம், தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதி, அசல் படத்தையும் இணைத்து அன்றே அந்தச் சொசைட்டிக்கு இ-மெயில் அனுப்பினார்.

ஒரு எச்சரிக்கை. மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் இப்படி மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி. டிரைவில் அழித்ததைப் பெரும்பாலும் மீட்க முடியாது. காலியான இடத்தை அது தானாகவே துடைத்துத் தயாராக வைத்துவிடும். எனவே முக்கியமான படங்களுக்கு மூன்று பிரதிகள் வைத்திருங்கள். ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறொரு இடத்தில். வேறொரு இடம் என்பது கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம், தங்கை வீட்டுப் பீரோவில் இருக்கும் ஒரு பென் டிரைவாகவும் இருக்கலாம். இரண்டாவது பிரதி தயாராகும் வரை கார்டைத் தொடாதீர்கள்.

எக்சிப் சீட்டு வேண்டாத சமயமும் உண்டு. ஆலாக்கள் வெறும் மணலில்தான் முட்டையிடும். போனில் எடுத்த கூட்டுப் படத்தைப் பொதுவில் போட்டால், அதிலுள்ள இருப்பிட எண்களை வைத்து யார் வேண்டுமானாலும் நேரே அங்கே போய் நிற்கலாம். டீடெய்ல்ஸ் டேப்பின் அடியில் "ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்பர்மேஷன்" என்ற வரி இருக்கும். அதைக் கிளிக் செய்து, தகவல் நீக்கிய தனிப் பிரதி ஒன்றை உருவாக்கும்படி சொல்லுங்கள். அதைப் பொதுவில் போடுங்கள். அசல் உங்களிடம் இருக்கட்டும். கூட்டுக்கு அருகில் போய்ப் படம் எடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

சிவகாசிக்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி, "இதைக் காலண்டர்ல போடலாமா?" என்பது. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும். 15க்கு 20 அங்குலக் காலண்டர் என்றால் 4500க்கு 6000 பிக்ஸல், அதாவது 27 மெகாபிக்ஸல். 24 மெகாபிக்ஸல் கேமராவின் முழுப் படம் ஏறக்குறைய ஈடு கொடுக்கும். வாட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்ஸல் படம் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் வரும். அஞ்சலட்டைக்குச் சரியாக இருக்கும். அச்சக அண்ணாச்சிகள் "ஒரிஜினல் கொண்டாங்க" என்று விரட்டுவதற்கு இதுதான் காரணம்.

கடைசியாக, படங்களைப் பயனுள்ள இடத்தில் சேர்ப்பது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சொசைட்டியும் 2002ல் தொடங்கிய ஈபேர்ட் என்ற தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எந்தெந்தப் பறவை எத்தனை பார்த்தீர்கள் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலைப் பதிவு செய்த பின், படங்களை மவுசால் இழுத்து அந்தந்தப் பறவையின் பெயருக்கு நேரே விட்டுவிடலாம். பறவையின் பெயர் தெரியாவிட்டால், அதே ஆய்வகத்தின் மெர்லின் என்ற அப்ளிகேஷன் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும். உள்ளான் வகைகளில் அதுவும் சில சமயம் தடுமாறும்; எனவே அது சொல்வதை ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பழைய பட்டியல்களையும் சேர்க்கலாம். பழைய ஆண்டுகளில் எடுத்த படங்கள் ஏதாவது சி.டி.யில் கிடந்தால், டேட் டேக்கன் பார்த்து அந்தத் தேதியிலேயே பதிவு செய்திடுங்கள். தமிழகத்தில் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதே தளத்தின் வழியாக நடக்கிறது. அதில் கலந்துகொள்ளத் தீவுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. வீட்டு மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் கணக்கில் சேரும்.